சஜ்தாவிலிருந்து எழச் சிரமமா?



சஜ்தாவிலிருந்து எழுவதே பாடாக இருக்கிறது. தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் சோர்ந்துவிடுகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இத்துடன் கண் இமைகளில் ஊதா நிறமும், விரல் முட்டிகளின் மேல் தடித்த சிவப்பும் சேர்ந்தால் (மாநிறத்தவர்க்கு இவை கருமையாகவே தெரியலாம்) அது டெர்மடோமயோசைடிஸ் என்னும் அரிய அழற்சி நோயாக இருக்கக்கூடும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் தசையையும் தோலையுமே தாக்குவதால் வருவது, பிறருக்குத் தொற்றாது.

பெரியவர்களுக்கு இது வந்தால் புற்றுநோயும் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 100 பேரில் சுமார் 15 முதல் 25 பேருக்கு அது காணப்படுகிறது: சினைப்பை, மார்பகம், நுரையீரல், இரைப்பை, குடல் போன்றவற்றில். கட்டியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்பு சக்தி, அதைப் போன்றே இருக்கும் தசையையும் தாக்கிவிடுகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிறுவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களிடம் புற்றுநோய்த் தொடர்பு மிக மிக அரிது. பெற்றோர் பதற வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரையில் தடிப்பு அடங்கியதும், "இனி ஸ்கேன் எதற்கு, வீண் செலவு" என்று நிறுத்திவிடுவதுதான் எங்களுக்குக் கவலை. முதல் ஆண்டில்தான் வாய்ப்பு அதிகம். மூன்று ஆண்டுகளாவது கவனம் தேவை. எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் வேண்டியதில்லை; வயது, ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பெண்கள் வெட்கப்பட்டு மார்பக, கருப்பைப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்கேன் செலவுக்கும் நமது மருத்துவ உதவி நிதியில் மனுச் செய்யலாம். மருத்துவர் சீட்டின் நகலை இணைத்தால் போதும்.