நாள்பட்ட வலி: முழுமையாகத் தீராவிட்டாலும் வாழ்க்கையை மீட்பது எப்படி?

கொல்கத்தா: கொல்கத்தாவின் பெஹாலாவை அடுத்துள்ள தாகூர்புகூரில், மருத்துவர் சரோஜ் குப்தா 1973-ஆம் ஆண்டு புற்றுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே 'நல இல்லம்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. நோயை நீக்குவது ஒரு பணி. நோயாளியைப் பேணுவது மற்றொரு பணி. முதலாவது கைகூடாதபோதும் இரண்டாவது சாத்தியமே. இக்கருத்து நாள்பட்ட வலிக்கும் பொருந்தும்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியே நாள்பட்ட வலி எனப்படுகிறது. காயம் ஆறிய பின்னரும் நரம்பு மண்டலம் மிகை உணர்திறனுடன் இருந்தால் வலி தொடரக்கூடும். இதனால் ஸ்கேன் பரிசோதனையில் குறை தெரியாதபோதும் வலி உண்மையாகவே இருக்கலாம்.

பலரை வலியைவிட அதிகம் வாட்டுவது, பிறர் அதை நம்பாததே. வலியைப் பற்றி ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட விளக்கத்தில் குறிப்பிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டிலும் நாள்பட்ட வலி தனி இடம் பெற்றுள்ளது.

சிகிச்சையின் இலக்கு

வலியை முற்றிலும் அகற்றுவது பல நேரங்களில் இயலாது. எனவே உறக்கம், நடை, பணி, உறவுகள் ஆகியவற்றை மீட்பதே முதன்மை இலக்காகிறது. படிப்படியான உடற்பயிற்சி, வேலைகளைப் பிரித்து இடையிடையே ஓய்வெடுத்தல், மனநல ஆலோசனை ஆகியவை இதற்கு உதவும். மருத்துவர் ஆலோசனையின்றி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

வலியும் வாழ்வின் பொருளும்

பிரிட்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ், முதுகுப் பாதிப்பால் செவிலியர் பணியைக் கைவிட நேர்ந்தது. பின்னர் மருத்துவ சமூகப் பணியாளராகவும், தொடர்ந்து மருத்துவராகவும் ஆனார். 1967-இல் லண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம், நவீன வலிதணிப்புப் பராமரிப்புக்கு வித்திட்டது. உடல், மனம், குடும்பம், நம்பிக்கை ஆகிய அனைத்தையும் தொடுவது வலி என்பதே அவரது 'முழுமையான வலி' என்ற கோட்பாடு. முன்பு செய்த பணியைத் தொடர இயலாதவர்கள், தங்களால் இயன்ற வேறொரு வழியில் வாழ்வின் பொருளைக் காணலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

எங்கு செல்லலாம்?

கொல்கத்தாவின் சியால்டாவில் இ.எஸ்.ஐ. வலி மேலாண்மை நிறுவனம் செயல்படுகிறது. பிற நகரங்களிலும் பல பெரிய மருத்துவமனைகளில் வலி சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. வலியுடன் கை, கால் பலவீனம், காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை இருந்தால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.