கூட்டு ஒப்பந்தமும் பேச்சுவிதியும்

ஒப்பந்தம் என்பது இருதிறத்தார் தம்முள் பொருந்திச் செய்துகொள்ளும் உடன்பாடு. அதன்கண் இருவகை விதிகள் அமைந்திருக்கும். கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என வரையறுப்பன ஒருவகை. எழுதப்படாத சிக்கல் எழுந்தவிடத்து யார் யாரோடு, எக்காலத்துள், எம்முறையிற் பேசவேண்டும் என வரையறுப்பன மற்றொருவகை. முன்னதைப் பொருள்விதி என்றும், பின்னதைப் பேச்சுவிதி என்றும் இக்கட்டுரை வழங்கும். பொருள்விதியை யாவரும் ஆர்வத்தோடு படிப்பர். பேச்சுவிதியைப் படிப்பார் சிலரே. ஆயினும், ஓர் ஒப்பந்தம் நாள்தோறும் உயிரோடு இயங்குவது பேச்சுவிதியினாலேயே என்னும் உண்மை, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு எளிதிற் புலனாகும்.

பேச்சில்லாத காலம்

தோட்டங்களின் தொடக்ககாலத்தில் ஒப்பந்தம் இருந்தது, பேச்சு இருக்கவில்லை. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிலாளி வேலை உடன்பாட்டை மீறுவது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர வேண்டுமாயின், கடனைக் குறித்த "துண்டு" தேவைப்பட்டது. தொழிலாளியின் குறை பெரிதும் கங்காணியின் வாய்வழியாகவே துரையின் செவியை எட்டிற்று. அக்கங்காணியோ கடன் கொடுத்தவராகவும் இருந்தார். கடன்பட்டவன் குறையைக் கடன் கொடுத்தவரே எடுத்துரைக்கும் முறையில் உண்மை முழுதும் வெளிப்படுதல் அரிது. துண்டுமுறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், அதனிடத்தில் வேறொரு பேச்சுமுறை உடனே தோன்றிவிடவில்லை.

1931 இல் கோ. நடேசையர் அட்டனைத் தளமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1935 இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இருப்பினும், சங்கத்தோடு பேசும் கடப்பாடு தோட்ட நிருவாகத்துக்கு உண்டென்பது ஒப்புக்கொள்ளப்படவில்லை. அதன் விளைவு 1940 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10 ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வெளிப்பட்டது. ஆங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது, காவற்றுறையினரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே ஊவாப் பகுதியிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில், தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிந்தெடுக்க, அச்சபையோடு கலந்து நடக்கத் துரை இசைந்தார். ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கின், பேச்சுக்கு இடமில்லாமையும் இடமுண்மையும் விளைக்கும் வேறுபாடு தெளிவாகும்.

1940 இல் தோட்டத்துரைமார் தரப்பாருக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சங்கங்களை ஏற்றுக்கொள்ளுதல், தகராறுகளை இணக்கசபைகளின் வழியே தீர்க்க முயலுதல் ஆகியன அதன் உயிர்நாடியாக அமைந்தன. அது நெடிது நிலைக்கவில்லையாயினும், பேசுதல் துரையின் தயவன்று, உடன்பாட்டின் கூறு என்னும் கருத்து அதனால் மலையகத்தில் வேரூன்றிற்று.

சட்டம் தந்த வலிமை

அக்கருத்துக்கு 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வலிமை தந்தது. தொழில்தருநரும் தொழிற்சங்கமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் வர்த்தமானியில் வெளியிடப்பட்டபின், அதன் விதிகள் அதனாற் கட்டுப்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துள்ளும் உட்கிடையாக அமைந்துவிடும். பிணக்கு எழுந்தால் தொழில் ஆணையாளர் இணக்கம் காண முயல்வார். இணக்கம் கைகூடாவிடின் நடுத்தீர்ப்புக்கு வழியுண்டு. 1957 இல் தொழில் நியாயசபைகள் தோன்றின. 1999 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மற்றுமோர் அடி முன்சென்றது. ஒரு வேலைத்தலத்திலுள்ள தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்குக் குறையாதாரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுத்தல் முறையற்ற தொழில் நடவடிக்கை என அது விதித்தது.

மேலிடத்துப் பேச்சும் மலையிடத்துப் பேச்சும்

1992 இல் தோட்ட நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர், கம்பனிகளின் சார்பில் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகியனவும் கூட்டு ஒப்பந்தங்களிற் கைச்சாத்திட்டு வந்தன. அவை பெரும்பாலும் ஈராண்டுக்கு உரியன. 2013 இல் ஒருநாட் கொடுப்பனவுகள் யாவும் சேர்ந்து 620 ரூபா. 2016 இல் 730 ரூபா. 2019 இல் 750 ரூபா. மக்கள் நினைவில் நின்றவை இவ்வெண்களே.

ஆனால், தொழிலாளியின் அன்றாட வாழ்வு இவ்வெண்களில் அடங்கிவிடுவதில்லை. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே புகையிரத நிலையம் அமைந்த வட்டகொடையை எடுத்துக்கொள்வோம். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறிப்போர்க்கு எழும் வினாக்கள், மலையகத் தோட்டங்கள் அனைத்திலும் எழுவனவே. ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து? அளவு குறைந்த நாளில் அரைப்பேரா, முழுப்பேரா? நிறுக்கும்போது நீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கலாம்? வறட்சியாற் கொழுந்து குறைந்த மாதத்திலும் அதே அளவு வேண்டுமா? இவற்றுக்குக் கொழும்பில் எழுதப்படும் தாள் முழுமையான விடை தரவியலாது. மலைக்கு மலை விளைவு வேறுபடும். பருவத்துக்குப் பருவம் மாறும். எனவே, தோட்டத் தலைவர் துரையோடு பேசுதல், முடியாவிடின் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி வருதல், அதன்பின் தொழிற்றிணைக்களத்தை நாடுதல் என்னும் படிமுறை இன்றியமையாததாயிற்று. பேச்சுவிதியின் மெய்யான பயன் விளங்குமிடம் இதுவே.

இரு குறைபாடுகள்

இவ்வமைப்பின் முதற்குறை காலவரையறை இன்மை. 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சு முடிவிற் காலாவதியாயிற்று. அடுத்தது 2016 ஒக்டோபரிலேயே கைச்சாத்தாயிற்று. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களும் பேச்சு நீண்டது. பழைய சம்பளமே நீடித்தது. தாமதத்தால் ஒரு தரப்புக்கு இழப்பும் மறுதரப்புக்கு ஆதாயமும் உண்டாகுமாயின், விரைந்து முடிக்கும் விருப்பம் இருவர்க்கும் ஒப்ப இராது.

இரண்டாங்குறை 2021 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சம்பளச் சபையின் தீர்மானப்படி, மார்ச்சு மாதத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகி நின்றன. சம்பளம் உயர்ந்தது, ஆனால், ஒப்பந்தத்தோடு பேச்சுவிதிகளும் தளர்ந்தன. ஒரு பேருக்குரிய கிலோ அளவு பற்றியும், அரைப்பேர் பற்றியும், வேலைநாட்கள் பற்றியும் பல தோட்டங்களிற் பூசல்கள் மிகுந்தன. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. அதுவும் சம்பளச் சபையின் வழியே வந்ததாகும். சம்பளச் சபையிலும் இருதரப்பார் அமர்ந்து பேசுகின்றனர் என்பது உண்மையே. எனினும், நாடு முழுவதற்கும் உரிய குறைந்த சம்பளத்தை வரையறுப்பது அதன் பணி. வட்டகொடையின் தராசடியில் எழும் வழக்கைத் தீர்ப்பதற்கு அது அமைந்ததன்று. உயர்ந்த சம்பளத்தைப் பெறுதற்குரிய கிலோ அளவை ஒருவரே வரையறுப்பாராயின், அவ்வுயர்வின் ஒரு பகுதி மீண்டும் அவர் கைக்கே சென்றுவிடும்.

நல்ல பேச்சுவிதியின் இலக்கணம்

இங்ஙனமாயின், நல்ல பேச்சுவிதி எத்தன்மைத்து என்பது வினா. இந்தியாவின் 1947 ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிலகத்தில், இருதரப்பார் சமமாக அமரும் வேலைக்குழுவை அமைக்குமாறு ஆணையிட அச்சட்டம் இடந்தந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, குறித்த வேலை நிபந்தனைகளை மாற்ற விரும்பும் தொழில்தருநர் இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் தரவேண்டுமென விதித்தது. மாற்றத்துக்கு முன் பேச்சு என்பதே அதன் உட்கருத்து.

இவற்றையும் மலையகத்தின் பட்டறிவையும் சேர்த்து நோக்கின் நான்கு இயல்புகள் புலப்படும். முதலாவது, முறைப்பாட்டுக்கு இத்தனை நாளுள் மறுமொழி என்னும் கால எல்லை. இரண்டாவது, பேசியதை இருமொழியிலும் எழுதி, இருதரப்பாரும் ஒப்பமிட்டு, பிரட்டுக்களத்திற் படித்துக்காட்டும் வழக்கம். மூன்றாவது, விளைவும் விற்பனை விலையும் பற்றிய கணக்கை இருதரப்பாரும் காணும் உரிமை. கணக்கறியாதவன் பேச்சு இரத்தலாகவே முடியும். நான்காவது, சம்பள உடன்பாடு காலாவதியானாலும் பேச்சுவிதி தொடர்ந்து நிலைபெறுதல். நான்கனுள் இறுதியதே தலையாயது. ஏனெனில், உடன்பாடு முறியும் வேளையிலேதான் பேச்சு மிகுதியும் வேண்டப்படுகின்றது.

தோட்டத்திற் கொழுந்து கொய்வோருட் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத் தலைவர்களுட் பெரும்பாலோர் ஆடவர் என்பதும் மறக்கற்பாலதன்று. தராசின் முன் நிற்பவர் பேச்சுமேசையின் முன்னும் அமரும் வண்ணம் விதி அமையுமாயின், அதன் பயன் இருமடங்காகும்.

சம்பளத்தைச் சட்டம் உயர்த்தலாம், அரசு அறிவிக்கலாம். ஆனால், தொழிலாளியைப் பெறுபவர் என்னும் நிலையினின்றும் உடன்படுபவர் என்னும் நிலைக்கு உயர்த்துவது பேச்சுவிதியே. அடுத்த கூட்டு ஒப்பந்தம் எழுதப்படும்போது, எத்தனை ரூபா என்னும் வினாவோடு, மறுநாட்காலை குறை எழுந்தால் யாரிடம் பேசுவது, அவர் எந்நாளுள் விடையிறுப்பார் என்னும் வினாவும் அத்தாளில் விடை பெறுதல் வேண்டும்.