மக்கும் குப்பைக்குள் மக்காத உலோகம்

எரு வாங்கப் போனால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்போம். கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணைப் போல வாசம் வந்தால் நன்றாக மக்கிய எரு என்று மூட்டையைத் தூக்கி வந்துவிடுவோம். மாடித்தோட்டத்துக் கீரைக்கும் வெண்டைக்கும் அதைத்தான் போடுகிறோம். அந்தப் பழைய சோதனையில் குற்றமில்லை. ஆனால் எருவில் இருக்கக்கூடிய இரண்டு சங்கதிகள் கைக்கும் மூக்கிற்கும் பிடிபடாதவை. ஒன்று, செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள். இன்னொன்று, ஆன்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியாக்களும், அந்தத் திறனைச் சுமக்கும் மரபணுக்களும். முதலாவது இருக்கும் இடத்தில் இரண்டாவதும் நிலைத்துவிடுகிறது என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

குழம்பு வற்றினால் உப்பு கரிக்கும்

பண்ணைக் கோழிக்கும் பன்றிக்கும் கொடுக்கும் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்க்கிறார்கள். வளர்ச்சிக்கு அவை வேண்டும்தான். ஆனால் விலங்கின் உடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம், பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே வந்துவிடும். நகரக் குப்பையின் கதை வேறு. தீர்ந்துபோன பேட்டரி, உதிர்ந்த பெயின்ட், உடைந்த மின்பொருள் எல்லாம் காய்கறித் தோலோடு ஒரே வாளியில் விழும்போது ஈயமும் காட்மியமும் உரக்குழிக்குப் போய்ச் சேருகின்றன.

குப்பை மக்கும்போது அதிலுள்ள கரிமப் பொருளில் ஒரு பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். குவியல் பாதியாகச் சுருங்கும். உலோகம் எங்கும் போகாது. குழம்பு வற்ற வற்ற உப்பு கரிப்பதைப் போல, ஒரு கிலோ எருவில் உலோகத்தின் அளவு கூடிக்கொண்டே வரும். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளின் எச்சம் குவியலின் சூட்டில் பெருமளவு சிதைந்துவிடும். உலோகத்தைச் சிதைக்கும் சூடு எந்த உரக்குழியிலும் கிடையாது. பயிருக்குப் போட்ட பிறகும் அது ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும்.

டென்மார்க்கில் நடந்தது

உலோகத்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் என்ன தொடர்பு? இதற்கு டென்மார்க்கின் பன்றிப் பண்ணைகளைப் பார்க்க வேண்டும். விலங்குகள் வேகமாக எடை போட அவோபார்சின் என்ற மருந்தை அங்கே தீவனத்தில் கலந்து வந்தார்கள். அது வான்கோமைசினின் உறவுக்கார மருந்து. வான்கோமைசினோ, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவமனைகளில் எடுக்கும் ஆயுதங்களில் ஒன்று. ஆபத்தை உணர்ந்த டென்மார்க் அரசு 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தது. கோழிகளில் வான்கோமைசினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் குறைந்தன. பன்றிகளில் மட்டும் குறைய மறுத்தன.

பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை எதிர்க்கும் மரபணுவும் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் இருந்தன. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறிய டி.என்.ஏ. வளையம். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதும் கூடவே தப்பிக்கும். 2002-இல் இன்னொரு துப்புக் கிடைத்தது. அதே பன்றிகளின் குடல் பாக்டீரியாவில் செம்பைத் தாங்க உதவும் ‘டி.சி.ஆர்.பி’ என்ற மரபணுவும் இந்த இரண்டோடு சேர்ந்தே இருப்பதைக் கண்டார்கள். தீவனத்தில் செம்பு இருக்கும்வரை, மருந்து ஒரு துளி இல்லாவிட்டாலும், இந்தக் கூட்டம் பிழைத்திருக்க வழி உண்டு என்று ஆனது.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. தன்னுள் நுழைந்த நச்சை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் சில பாக்டீரியாக்களின் செல்சவ்வில் இருக்கின்றன. சில பம்புகளுக்கு உலோகமும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். உலோகத்துக்கு எதிராகப் பழகிய பம்பு மருந்தையும் வெளியே தள்ளிவிடும்.

தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்க அதிக அளவில் துத்தநாக ஆக்சைடு கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. மண்ணில் சேரும் உலோகமும், எதிர்ப்புத்திறன் பரவும் அச்சமும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன.

சூட்டில் சாகாதவை

நன்றாகச் சூடேறிய குவியல் பல நோய்க்கிருமிகளைக் கொல்லும். 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சில நாள் நின்றாலே பெரும்பாலானவை மடியும். பச்சை எச்சத்தைவிட மக்கிய எரு பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாக்டீரியா செத்தாலும் அதன் டி.என்.ஏ. கொஞ்ச காலம் கிடக்கும். உயிருள்ள வேறு பாக்டீரியா அதை எடுத்துக்கொள்ள முடியும். செத்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்குத் தாவும் என்பதை 1928-லேயே பிரெடரிக் கிரிஃபித் காட்டிவிட்டார்.

சீனாவின் மூன்று பெரிய பன்றிப் பண்ணைகளில் எச்சம், மக்கிய எரு, அதைப் போட்ட நிலத்து மண் ஆகியவற்றை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. 149 வகை எதிர்ப்பு மரபணுக்கள் அவற்றில் இருந்தன. மருந்து எச்சத்தோடு செம்பு போன்ற உலோகமும் கூடிய இடங்களில் மரபணுக்களும் கூடியிருந்தன.

நம் சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை எருவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, செம்பு 300, துத்தநாகம் 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல ஏற்பாடு. எதிர்ப்பு மரபணுவுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை. மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்தியா தடை விதித்தது. டென்மார்க் கதை தெரிந்தவர்களுக்கு, மருந்தைத் தடுப்பது பாதி வேலை என்பது புரியும். தீவனத்தில் உலோகத்தைத் தேவையான அளவோடு நிறுத்துவது மீதி வேலை. நாமக்கல் போன்ற முட்டை மாவட்டங்களிலிருந்து கோழி எரு லாரி லாரியாக வயலுக்குப் போகும் நாட்டில் இதைத் தள்ளிப்போட முடியாது.

நம் தட்டுக்கு வரும் வழி

கீரை காட்மியத்தை எளிதில் உறிஞ்சும் பயிர். ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை. எதிர்ப்பு பாக்டீரியா உடனே காய்ச்சல் தராது. குடலில் சத்தமில்லாமல் தங்கி, தன் பிளாஸ்மிடை அங்குள்ள பாக்டீரியாக்களுக்குக் கொடுக்கும். பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்றோ, அறுவை சிகிச்சைப் புண்ணோ வரும்போதுதான் வழக்கமான மாத்திரை வேலை செய்யவில்லை என்று தெரியவரும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

வீட்டில் எரு தயாரிப்பவர்கள் சமையலறைக் கழிவையும் சருகையும் மட்டும் போடுங்கள். அச்சுமை நிறைந்த பளபளப்புத் தாள், பேட்டரி, பெயின்ட் பட்ட மரம், மீந்த மாத்திரை எதுவும் அதில் விழக் கூடாது. கடை எருவுக்கு உலோகப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், கேட்பவர் கூடினால் விற்பவர் வைத்திருப்பார். பச்சைக் கோழி எச்சத்தைக் கீரைப் பாத்தியில் நேரடியாகத் தூவ வேண்டாம். எருவைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லியை ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.