பேரிடர் (சொல்)

பேரிடர் என்பது ஒரு பகுதி மக்கள் தம் சொந்த ஆற்றலால் சமாளிக்க இயலாத பெருந்துன்பத்தைக் குறிக்கும் சொல்லாகும். ஆங்கிலத்தில் இது 'டிசாஸ்டர்' எனப்படுகிறது.

ரோமானிய மொழிகளில்

'டிசாஸ்டர்' என்பதன் மூலம் இத்தாலியச் சொல்லான 'டிசாஸ்ட்ரோ' ஆகும். 'டிஸ்' என்பது தீமையை உணர்த்தும் முன்னொட்டு; 'ஆஸ்ட்ரோ' என்றால் விண்மீன். எனவே இதன் முதற்பொருள் 'தீய விண்மீனால் நேர்ந்தது' என்பதாகும். பிரெஞ்சில் 'தெசாஸ்த்ர்', ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகியவற்றில் 'தெசாஸ்த்ரே', ருமேனியத்தில் 'தெசாஸ்த்ரு' என இச்சொல் வழங்குகிறது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. துன்பத்தைக் குறிக்கும் மற்றொரு பிரெஞ்சுச் சொல்லான 'மலேர்', 'தீய நிமித்தம்' என்னும் பொருளிலிருந்து பிறந்தது.

தமிழில்

வானத்தைத் துன்பத்தோடு இணைக்கும் நம்பிக்கை தமிழரிடமும் இருந்தது. விண்மீன் வீழ்ந்ததைக் கண்டு அரசனுக்குக் கேடு வருமோ என அஞ்சிய செய்தியைக் கூடலூர் கிழார் பாடிய புறநானூற்று 229ஆம் பாடல் தருகிறது. 'கிரகம் சரியில்லை', 'ஏழரைச் சனி' போன்ற வழக்குகள் இன்றும் உள்ளன. ஆனால் 'பேரிடர்' என்ற சொல்லில் விண்மீனுக்கு இடமில்லை. பெருமை + இடர் = பேரிடர். ஈறுபோதல், ஆதிநீடல் விதிகளின்படி இது புணர்ந்துள்ளது. இடர் என்றால் துன்பம். சொல் துன்பத்தின் அளவைக் கூறுகிறதே தவிர, காரணத்தைக் கூறவில்லை.

காரணமும் பொறுப்பும்

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு இரயில் விபத்துக்குள்ளாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் இயற்கையானது. எனினும் அதை விதி என்று விட்டுவிடாமல், பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. இயற்கைக் காரணங்களோடு மனிதச் செயல், விபத்து, கவனக்குறைவு ஆகியவற்றால் விளைவதையும் அச்சட்டம் பேரிடர் என்றே வரையறுக்கிறது. விண்மீனைக் காரணமாகக் கொண்டால் தடுக்க வழியில்லை. கவனக்குறைவைக் காரணமாகக் கண்டால் திருத்த வழியுண்டு. கொள்ளிடக் கரையை ஒட்டிய தா.பழூர் போன்ற வெள்ளம் வரக்கூடிய பகுதிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. கரையை வலுப்படுத்துவதும் முன்னெச்சரிக்கை செய்வதும் மனிதர் கையில் உள்ளவை.