காதில் மாட்ட 60 ஆயிரமா? பஸ் பயணிகள் போட வேண்டிய கணக்கு!

பெரம்பலூரில் ரெயில் நிலையம் கிடையாது. ரெயில் பிடிக்க அரியலூர் போகிறவர்களுக்கு சுமார் 30 கிலோ மீட்டர் பஸ்தான் கதி. வழி நெடுக என்ஜின் உறுமல், ஏர் ஹாரன், பஸ்சில் போடும் பாட்டு. காது பாவம்!

அதனால்தானோ என்னவோ, இப்போது ஆளாளுக்கு காதில் "ஹெட்போன்".

சில நூறு ரூபாய்க்கும் ஹெட்போன் கிடைக்கிறது. 2020 டிசம்பரில் வந்த ஆப்பிள் "ஏர்பாட்ஸ் மேக்ஸ்" ஹெட்போனுக்கு இந்தியாவில் வைத்த விலையோ ரூ.59 ஆயிரத்து 900!

அவ்வளவு காசுக்கு அதில் என்னதான் இருக்கிறது?

283 ஹெட்போன்கள்

யெரூன் பிரீபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். அடித்தொண்டை ஓசை முதல் கீச்சுக்குரல் வரை ஒவ்வொன்றும் எப்படிக் கொடுக்கிறது என்று குறித்து, விலையோடு ஒப்பிட்டார். 2017-ல் முடிவு வெளியானது.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை!

அப்போ எல்லாம் தண்டம்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

இரைச்சலுக்கு எதிர் இரைச்சல்

வெளிச்சத்தத்தை குட்டி மைக் பிடிக்கும். அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் எழுப்பும். இரண்டும் மோதி அடங்கிவிடும். 1978-ல் விமானத்தில் போகும்போது இந்த யோசனையில் இறங்கியவர் அமர் போஸ். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர்.

பஸ் என்ஜின் உறுமலை இது நன்றாக அடக்கும். திடீர் ஹாரனையும், கண்டக்டர் விசிலையும் அந்த அளவுக்கு அடக்காது.

இதில் பெரிய லாபம் பாட்டு அல்ல, காது! இரைச்சலை மீறிக் கேட்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறோம். 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இரைச்சல் அடக்கும் வசதி இப்போது சில ஆயிரம் ரூபாயிலேயே வந்துவிட்டது. சம்பளக்காரருக்கு அது போதும்.

வாங்கும் முன்...

நன்கு தெரிந்த பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாட்டரி போனால் மாற்ற முடியுமா, ரிப்பேருக்கு திருச்சிக்கு அலைய வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை! அரியலூர் சாலைகளில் சுண்ணாம்புக்கல், சிமெண்டு லாரிகள் ஓடுகின்றன. பஸ்சை விட்டு இறங்கியதும் ஹெட்போனைக் கழற்றிப் பையில் போடுங்கள். 60 ஆயிரம் ஆனாலும் சரி, 200 ரூபாய் ஆனாலும் சரி!