பர்ஸ் வரையச் சொல்லும் பாடம்

"உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த பர்ஸை வரையுங்கள். மூன்று நிமிஷம்தான் டைம்."

எங்கள் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வந்திருந்த எட்டு மாணவர்களிடம் இப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டுத் தாளிலும் ஏறக்குறைய ஒரே பர்ஸ். தொலைந்தால் கண்டுபிடிக்க ஜிபிஎஸ், கைரேகைப் பூட்டு, போன் சார்ஜ் பண்ண பேட்டரி!

இந்தப் பயிற்சி என்னுடையது இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூலில் புதியவர்களுக்கு டிசைன் திங்கிங்கை அறிமுகப்படுத்தப் பயன்படுத்திய 'வாலெட் பிராஜெக்ட்' இது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். பயனரைப் புரிந்துகொள்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகளைக் கொட்டுவது, மாதிரி செய்வது, சோதிப்பது என்ற ஐந்து கட்டங்களையும் லெக்சர் இல்லாமல் கையால் செய்தே கற்கிறோம்.

முதலில் வரைந்ததை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் பர்ஸில் இருப்பதை ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைக்க, மற்றவர் கேள்வி கேட்பார். "எப்படிப்பட்ட பர்ஸ் வேணும்?" என்று மட்டும் கேட்கக்கூடாது. "இது ஏன் இங்க இருக்கு? கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்று கேட்கலாம். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு பையனின் பர்ஸில் பணமே இல்லை, எல்லாம் யுபிஐதான். ஆனால் நாலாக மடித்த ஒரு 500 ரூபாய் நோட்டு மட்டும் இருந்தது. ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது "அவசரத்துக்கு வச்சுக்கோ" என்று அம்மா கொடுத்ததாம். "ரெண்டு தடவை சினிமாவுக்கு எடுத்துட்டேன் சார், அப்புறம் திரும்ப வச்சுட்டேன்" என்றான்.

அடுத்த கட்டம், கேட்டதை ஒரே வாக்கியமாகச் சுருக்குவது. அவனுடைய ஜோடியான பெண் எழுதியது: "இவனுக்குத் தேவை பணம் வைக்க இடம் இல்லை, செலவழிக்கக் கூடாத பணத்தை இவனிடமிருந்தே காப்பாற்றும் இடம்."

இந்த வாக்கியம் கிடைத்ததும் ஆட்டமே மாறிவிட்டது. ஐந்து யோசனைகள் வரைந்து காட்டினாள். அதில் ஒன்றை எடுத்து, ஐடி கார்டின் பின்னால் ஒட்டுகிற, கிழித்தால்தான் திறக்கும் காகித உறை ஒன்றைச் செய்தாள். அவன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கார்டை அடிக்கடி தொலைப்பேனே" என்றான். வாதாடாமல், உறையைப் போன் கவருக்குள் மாற்றினாள். ஜிபிஎஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதினேன். முதலாளி சொன்ன அத்தனையும் அதில் இருந்தது, பெரிதாக பக் எதுவும் இல்லை. ஆனால் கவுன்டரில் இருந்த அக்கா ஒரு கையால் சாமானை நகர்த்திக்கொண்டே மறு கையால் பில் போடுபவர். என் ஸ்கிரீனோ கட்டத்துக்குக் கட்டம் மவுஸ் கேட்டது. ஒரே வாரத்தில் அவர் கால்குலேட்டருக்குத் திரும்பிவிட்டார். அந்த கவுன்டர் பக்கத்தில் நான் பத்து நிமிஷம்கூட நின்று பார்த்ததில்லை. நான் வரைந்ததும் ஜிபிஎஸ் பர்ஸ்தான்.

அதனால்தான் அந்த முதல் மூன்று நிமிஷம் வீண் இல்லை என்கிறேன். "பயனரிடம் கேளுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டியிருக்கிறேன். கேட்காமல் வரைந்ததும் கேட்டபின் செய்ததும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போதுதான் உறைக்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இங்கே பயனர் ஒரே ஒருவர், அவருக்குப் பிடித்தது ஊருக்கெல்லாம் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. நிஜ வேலையில் பலரிடம் கேட்க வேண்டும், சோதனையில் தோற்றால் பழைய கட்டத்துக்குத் திரும்பவும் வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். தாள், பேனா, கத்தரிக்கோல், செல்லோ டேப், ஒரு கடிகாரம் போதும். நேரமில்லை என்று எதை வேண்டுமானாலும் குறையுங்கள். அந்த முதல் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.