கொப்புள வண்டும் அதன் இரைச்செடிகளும்

துவரை பூத்திருக்குங் காலத்தில், கொல்லை முழுதும் மஞ்சளாய்த் தோன்றவேண்டிய பூங்கொத்துக்கள் சில நாட்களிலே மொட்டையாகிவிடுதலைக் குடியானவர் பலர் கண்டிருப்பர். பூவுதிர்தற்கு மழையும் பிறவும் காரணமாகலாம். ஆயினும், கறுப்பும் செம்மஞ்சளுமான வண்டுகள் கொத்துக்களின்மேல் அமர்ந்து இதழ்களைத் தின்றுகொண்டிருப்பின், அந்நஷ்டம் கொப்புள வண்டினால் நேர்ந்ததென்று நிச்சயிக்கலாம். பூச்சி நூலார் இதனை மைலாப்ரிஸ் புஸ்டுலேட்டா என்பர்.

அடையாளம்: இவ்வண்டு ஏறக்குறைய 1 அங்குல நீளமுள்ளது. தலை கீழ்நோக்கி வளைந்தும், கழுத்துப் போன்ற பாகம் ஒடுங்கியும் இருக்கும். மேற்சிறகுகள் கறுப்பு நிறமானவை. ஒவ்வொன்றிலும் அடிப்புறத்தில் ஒரு வட்டப் புள்ளியும், அதற்குப் பின்னால் அலைபோன்ற 2 குறுக்குப் பட்டைகளும் செம்மஞ்சளாய்க் காணப்படும். அசுவுணியைத் தின்று நன்மை செய்யும் பொறிவண்டு மிகச் சிறியது, உருண்டை வடிவினது. அதனை இதுவென்று மயங்கிக் கொல்லலாகாது.

இரைச்செடிகள்: துவரை, அவரை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்து, வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூசணி ஆகியவற்றின் பூக்களை இது விரும்பித் தின்னும். பூ அழிந்தவிடத்தில் காய் பிடிப்பதில்லை.

வாழ்க்கை: பெண்வண்டு மண்ணில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் பயிரைத் தீண்டாது, மண்ணிலுள்ள வெட்டுக்கிளி முட்டைகளைத் தேடித் தின்னும். ஆகவே மண்ணில் நண்பனாயிருப்பது பூவில் பகையாகின்றது. பூக்குங் காலத்தில் வண்டுகளைப் பிடித்தலே போதும். புழுக்களைத் தேடி அழித்தல் வேண்டா.

எச்சரிக்கை: வண்டைத் தொட்டால் கால் மூட்டுக்களிலிருந்து மஞ்சள் நிறத் திரவம் கசியும். இதிலுள்ள காந்தாரிடின் என்னும் நஞ்சு தோலிற் பட்டால், சில மணி நேரத்திற்குள் கொப்புளம் எழும். 1810-ஆம் ஆண்டிலேயே ரோபிகே என்னும் பிரெஞ்சு இரசாயன நூலார் இந்நஞ்சைப் பிரித்தெடுத்தார். தீவனத்தோடு இவ்வகை வண்டுகளை உண்ட கால்நடைகளுக்கும் தீங்கு நேரும். குதிரைகளுக்கு உயிரபாயமும் உண்டு. உடலிற் பட்டவிடத்தை உடனே சோப்பும் நீருங்கொண்டு கழுவுதல் வேண்டும்.

பரிகாரம்: வண்டுகள் சோம்பியிருக்கும் காலை வேளையில், கையுறை அணிந்தேனும் கைவலை கொண்டேனும் அவற்றைப் பிடித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரிற் போடுக. வெறுங்கையால் நசுக்குதலும், சிறுவரைக்கொண்டு பொறுக்குவித்தலும் கூடா. பூத்த பயிரில் மருந்து தெளித்தால் தேனீக்களும் மடியும்.

ஒருவர் மாத்திரம் பிடிப்பதால் பயன் சிறிதே. அண்டைக் கொல்லையிலிருந்து வண்டுகள் மீண்டும் பறந்து வரும். ஆதலின் கிராம அதிகாரிகள் துவரை பயிரிட்டோரை ஒன்றுகூட்டி, பூ முடியும்வரை யாவரும் ஒரே காலைகளில் இவ்வேலையைச் செய்யுமாறு ஏற்பாடு செய்வாராயின், ஊரின் விளைச்சல் காப்பாற்றப்படும்.